மூன்றாவது ஷரத்து

காலாண்டு லீவுக்கு ஏழு பிள்ளைகள்,
ஒரே கேரம் போர்டு.
முதல் நாள் பதினொரு மணிக்குள்
நான்கு பேர் அழுதாயிற்று.
ஐந்தாவது ஆள் சிவப்புக் காயை விழுங்கிவிட்டான் என்று வதந்தி.
சொரிமுத்துவின் வாயைத் திறந்து பார்த்தேன்.
பொரிகடலை.
காய் அவன் டவுசர் பையில் இருந்தது.

அம்பாசமுத்திரம் பத்திர ஆபீசில்
பதினாறு வருஷமாய்
சண்டைகளைத் தாளுக்குள் அடைக்கிறவள் நான்.
முகம் பாராமல் கைநாட்டு வைத்துவிட்டு
அண்ணனும் தம்பியும் வேறு வேறு வாசலில் இறங்குவதை
மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தவள்.
எழுதினேன், போன வருஷக் காலண்டரின் முதுகில்:

கீழ்க்கண்ட எழுவரும் சுயநினைவோடும்
பிறர் தூண்டுதல் இன்றியும் சம்மதித்தபடி,
ஒன்று: தோற்றாலும் யாரும் வெளியேற்றமில்லை;
எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டியது.
இரண்டு: அழுகிறவருக்கு ஐந்து நிமிஷம் அவகாசம்,
அதுவரை காய்கள் அசையாது.
மூன்று: பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்
பீச்சாங்கையால் மட்டுமே அடிக்க வேண்டியது.
நான்கு: சொரிமுத்து எங்கிருந்தும் அடிக்கலாம்,
போர்டின் மேல் ஏறி உட்காரலாகாது.
பரிசு, ஞாயிற்றுக்கிழமை பாபநாசம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு.
எல்லை விவரம்: வடக்கே பீரோ, தெற்கே ஃபிரிட்ஜ்,
மேற்கே அடுக்களை வாசல்,
கிழக்கே ராத்திரி லோடு இறக்கி வந்த மாமா தூங்கும் கட்டில்.
சாட்சியும் அவரே.
ஏழு பெருவிரல் ரேகை, நீல மையில்.
ஒன்று தலைகீழ்.

"அப்பம் இருவத்தோரு ஆட்டம் வரும் அத்தே"
விரல் விடாமலே கணக்குச் சொன்னாள் ஆவுடைச்செல்வி.

மூன்றாவது ஷரத்து இரண்டு பேருக்காக.
தூத்துக்குடித் தங்கபாண்டி பீச்சாங்கையால் சுண்டியதில்
ஸ்டிரைக்கர் கிழக்கெல்லை தாண்டி
சாட்சியின் காதில் பட்டது.
மற்றவன் என் மகன் இசக்கிராஜா.
கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்திருந்தான்.
பிறகு சுண்டினான்.
விளிம்பில் இடிக்காமல் விழுந்தது காய்.
அடுத்ததும்.
அதற்கடுத்து சிவப்பு, பின்னாலேயே துணைக்காய்.
வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

"ஏல, இது கள்ளாட்டம்!
இவனுக்கு ரெண்டும் சோத்துக்கையாக்கும்.
அத்தே, ஷரத்த மாத்துங்க!"

நான்கு வயதில் சிலேட்டுக் குச்சியை
அந்தக் கையில்தான் எடுத்தான்.
பந்தியில் அந்தக் கையைத்தான் நீட்டினான்.
யாரோ சிரித்தார்கள்.
வந்து ஸ்கேலை எடுத்தேன்.
அப்புறம் ஒரு மாசம்
அந்தக் கைக்கு ஸ்கூல் சாக்ஸ் மாட்டிவிட்டு
மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டேன்.
சரியாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன்.
பல் தேய்க்க மட்டும்
கதவைத் தாழ் போட்டுக்கொள்வான்.
பத்து வருஷமாய், ஏன் என்று நான் கேட்டதில்லை.

பதிவான பத்திரத்தைத் திருத்த
எழுவரும் சம்மதிக்க வேண்டும் என்றேன்.
குரல் எனக்கே அந்நியமாய் இருந்தது.
ஆறு விரல்கள் மைக்கு வந்தன.
இசக்கியுடையதும்.
சொரிமுத்து மட்டும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.
"அண்ணன் அடிக்கது நல்லாருக்கு. மாத்தக் கூடாது."
ஷரத்து நின்றது.

தனக்கு வந்த ஆறு ஆட்டத்தில்
ஒன்றில் மட்டும் தோற்றான், சொரிமுத்துவிடம்.
வேண்டுமென்றா என்று விசாரிக்க
பத்திரத்தில் இடமில்லை.

ஞாயிறு.
விக்கிரமசிங்கபுரம் தாண்டியதும் மலை
பஸ்ஸுக்குள் வந்துவிடுவதுபோல் நின்றது.
இடப்பக்க ஜன்னலில் இசக்கி.
சாரலுக்குள் முழங்கை வரை நீட்டியிருந்தான்.

"ஏல, அந்தக் கைய உள்ள போடு!"
கண்டக்டர்தான்.
அவனோ திரும்பி என்னைப் பார்த்தான்.

நான் மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்கினேன்.
எண்ணினேன்.
சரியாகத்தான் இருந்தது.
மறுபடி எண்ணினேன்.